38 பேர் வேடிக்கை பார்த்தார்களா? உளவியல் பாடத்தில் எது நிற்கிறது, எது விழுகிறது

மார்ச் 2, மாலை: கேள்வி

“முதலாம் ஆண்டு உளவியல் எடுத்திருக்கிறேன். பாடப் புத்தகத்தில் பாதிக்கு மேல் பொய் என்று இணையத்தில் போட்டு உடைக்கிறார்கள். சிறைச் சோதனை நாடகமாம். மிட்டாய்ச் சோதனை கவிழ்ந்துவிட்டதாம். ஒரு பெண்ணைக் கொல்வதை 38 பேர் நின்று பார்த்த கதையும் கட்டுக்கதையாம். மீதி இருப்பதெல்லாம் பாட்டிக்கே தெரிந்த விஷயம். இதை ஏன் மெனக்கெட்டுப் படிக்க வேண்டும்?”

மார்ச் 2, இரவு

கேள்வியில் இரண்டு குற்றச்சாட்டு இருக்கிறது. பாட்டியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

பாட்டிக்குத் தெரியும்தான். சிக்கல் என்னவென்றால் பாட்டிக்கு இரண்டு பக்கமும் தெரியும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பாள், துணிந்தவனுக்குத் துக்கமில்லை என்பாள். தாயைப் போல பிள்ளை என்பாள், சேற்றில் முளைத்த செந்தாமரை என்பாள். நடந்து முடிந்த எதற்கும் ஒரு பழமொழி கைவசம் இருக்கும். நடக்கப்போவதில் எது என்று கேட்டால் பழமொழிகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும்.

கோபத்தைப் பாருங்கள். உள்ளே அடக்கி வைக்காதே, கொட்டித் தீர்த்துவிடு, தலையணையைக் குத்து, ஆறிவிடும் என்று எல்லோரும் சொல்கிறோம். பிராட் புஷ்மன் 2002-இல் 600 மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார். அவர்கள் எழுதிய கட்டுரையை யாரோ கேவலமாகத் திட்டியதாகக் காட்டிக் கோபமூட்டினார். ஒரு குழு திட்டியவனை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியது. இன்னொன்று உடற்பயிற்சியை நினைத்துக் குத்தியது. மூன்றாவது குழு சும்மா உட்கார்ந்திருந்தது. திட்டியவனை நினைத்துக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகமாக இருந்தது. பிறகு பழிவாங்க ஒரு வாய்ப்புக் கொடுத்தபோது மூர்க்கமாக நடந்துகொண்டவர்களும் அவர்களே. சும்மா இருந்தவர்கள்தான் குறைந்த மூர்க்கம்.

அந்த மூன்றாவது குழு மட்டும் இல்லாமல் போயிருந்தால்? குத்தி முடித்த ஒருவர் அரை மணி நேரம் கழித்து “இப்போது பரவாயில்லை” என்பார். நாமும் குத்தியதால் ஆறியது என்று எழுதி வைத்திருப்போம். சும்மா விட்டிருந்தால் இன்னும் சீக்கிரம் ஆறியிருக்கும் என்பது ஒருநாளும் தெரிய வந்திருக்காது.

இந்தப் பாடத்தில் நான் பிடித்துக்கொண்டிருக்கும் கேள்வி இது ஒன்றுதான்: எதோடு ஒப்பிட்டு?

மார்ச் 3

38 பேர் கதை. இதை அவசரமாகக் கடக்க எனக்கு மனமில்லை.

1964 மார்ச் 13, நியூயார்க், அதிகாலை. கிட்டி ஜெனோவீஸ் என்ற இளம்பெண் வேலை முடிந்து வீடு திரும்பும்போது தாக்கப்பட்டு இறந்தார். இரண்டு வாரம் கழித்து ‘நியூயார்க் டைம்ஸ்’ முதல் பக்கத்தில் செய்தி: 38 பேர் பார்த்தார்கள், ஒருவரும் அசையவில்லை. பல பத்தாண்டுகள் பாடப் புத்தகங்கள் இதையே அச்சடித்தன. நடந்தது வேறு. முதல் தாக்குதலின்போது ஒருவர் ஜன்னலிலிருந்து கத்தினார், தாக்கியவன் ஓடினான். காயத்தோடு கிட்டி கட்டடத்தின் பின்பக்கம் போய்விட்டார். அவன் திரும்பி வந்து இரண்டாம் முறை தாக்கியது அங்கே, பெரும்பாலானவர்கள் கண்ணுக்கு எட்டாத இடத்தில். என்ன நடக்கிறது என்று தெளிவாகப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. சோஃபியா ஃபாரர் என்ற அண்டைவீட்டுப் பெண் தாக்கியவன் போய்விட்டானா என்று தெரியாமலே இறங்கி ஓடி, கிட்டியைக் கையில் ஏந்திக்கொண்டார். இவர் பெயர் எந்தப் பாடத்திலும் இல்லாமல் போனது எனக்கு இன்றைக்கும் ஆறாத வருத்தம்.

கதை விழுந்துவிட்டது, சரி. அதோடு சேர்ந்து, கூட இருப்பவர்கள் கூடக் கூட ஒவ்வொருவரும் உதவத் தயங்குவார்கள் என்ற கோட்பாடும் விழுந்துவிட்டதா? இல்லை. உளவியலாளர்கள் ஜான் டார்லியும் பிப் லட்டானேயும் அந்தச் செய்தியால் உந்தப்பட்டார்கள், ஆனால் அதை ஆதாரமாக வைத்துக்கொள்ளவில்லை. 1968-இல் மாணவர்களைத் தனித்தனி அறையில் உட்கார வைத்து ஒலிபெருக்கி வழியே பேச வைத்தார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு குரல் திக்கித் திணறி, வலிப்பு வருகிறது, யாராவது வாருங்கள் என்று கெஞ்சும். அது பதிவு செய்த குரல். கேட்பவருக்கு அது தெரியாது. தான் ஒருவர் மட்டும்தான் கேட்கிறோம் என்று நம்பியவர்களில் 85 சதவீதம் பேர் குரல் அடங்குவதற்குள் எழுந்து போய் உதவி கேட்டார்கள். இன்னொருவரும் கேட்கிறார் என்று நம்பியபோது 62. கூடவே நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நம்பியபோது 31.

எழுந்து போகாதவர்கள் கல்நெஞ்சர்களும் இல்லை. ஆய்வாளர் உள்ளே வந்தபோது பலருக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது, அவனுக்கு என்ன ஆயிற்று என்றுதான் முதலில் கேட்டார்கள்.

மார்ச் 3, பின்னிரவு

மேலே எழுதியதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய ஒன்று. 2019-இல் ரிச்சர்ட் ஃபில்பாட்டும் சகாக்களும் இங்கிலாந்து, நெதர்லாந்து, தென்னாப்பிரிக்கா மூன்று நாடுகளின் நகரக் கண்காணிப்புக் கேமராக்களில் பதிவான 219 தெருச் சண்டைகளைப் பார்த்தார்கள். பத்தில் ஒன்பதில் குறைந்தது ஒருவராவது குறுக்கே போய்த் தடுத்திருக்கிறார். கூட்டம் அதிகமாக அதிகமாக, யாரோ ஒருவர் தலையிடும் வாய்ப்பும் கூடியது.

1968-க்கு இது முரண் என்று தோன்றும். கேள்வியைப் பிரித்துப் பாருங்கள். டார்லி, லட்டானே கேட்டது: ஒரு தனி ஆள் எழுந்து போவானா, தனியாக இருக்கும்போது உள்ளதோடு ஒப்பிட்டால்? ஃபில்பாட் கேட்டது: அடிபடுகிறவருக்கு யாராவது வருவார்களா? ஒவ்வொருவரின் தயக்கமும் கூடினாலும் ஆட்கள் நிறைய இருந்தால் யாரோ ஒருவர் வந்துவிடலாம். அதோடு, தெருச் சண்டையில் என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் கண்முன்னே தெரியும். அடுத்த அறைக் குரலுக்கு அந்தத் தெளிவு கிடையாது. இரண்டு முடிவும் ஒரே உலகத்தில் நிற்க முடியும்.

மார்ச் 5

“சிறைச் சோதனை, மிட்டாய்ச் சோதனை பற்றி வாயே திறக்கவில்லையே” என்று ஒருவர். திறக்கிறேன்.

சிறைச் சோதனை: 1971, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம். ஃபிலிப் ஜிம்பார்டோ 24 இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, கைதி, காவலர் என்று பிரித்தார். இரண்டு வாரம் நடக்க வேண்டியது, காவலர்களின் கொடுமையால் ஆறே நாளில் நின்றது. சாதாரண மனிதன் சீருடை போட்டால் தானாகவே கொடூரமாகிவிடுவான் என்பது அதிலிருந்து எடுத்த பாடம். காவலர்களுக்கு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிக்கொடுத்ததும், மென்மையாக இருந்த ஒருவரைக் கடுமையாக இரு என்று நெருக்கியதும் பின்னால் ஆவணங்களிலிருந்தே வெளிவந்தன. ஜிம்பார்டோவே சிறைக் கண்காணிப்பாளர் வேடம் கட்டியிருந்தார். இதெல்லாம் இல்லாவிட்டாலும் என் கேள்வி அப்படியே இருக்கும். எதுவும் சொல்லிக்கொடுக்கப்படாத காவலர் குழு ஒன்று பக்கத்தில் இருந்ததா? இல்லை. ஒப்பிட ஆளில்லாத ஒன்றைச் சோதனை என்று சொல்வதே எனக்கு ஒப்புதலில்லை.

அதே அலமாரியில் ஸ்டான்லி மில்கிராமையும் போட்டு மூடிவிடாதீர்கள். உத்தரவு போட்டால் இன்னொருவருக்கு மின்அதிர்ச்சியைக் கூட்டிக்கொண்டே போவார்களா என்று சோதித்தவர் அவர். அலறுகிறவர் நடிப்பவர், மின்சாரம் பாயாது, சோதிக்கப்பட்டவருக்கு அது தெரியாது. 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள் என்ற ஒரு வரிதான் எல்லோருக்கும் தெரியும். அவர் இருபதுக்கும் மேற்பட்ட வடிவங்களில் செய்து பார்த்தார். அலறுகிறவர் அதே அறையில் இருந்தால் கடைசி வரை போனவர்கள் 40 சதவீதம். அவர் கையைப் பிடித்துத் தகட்டில் அழுத்த வேண்டும் என்றால் 30. உத்தரவு தொலைபேசியில் வந்தால் ஏறத்தாழ 20. கூட இருக்கும் இரண்டு பேர் முடியாது என்று எழுந்துவிட்டால் 10. மின்சாரம் உண்மையில் பாயவில்லை என்று சிலர் சந்தேகித்தார்கள் என்ற விமர்சனம் நியாயமானது, அதைப் பாடத்தோடு சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் அந்த 65 சதவீதத்தை மட்டும் வைத்து “மனிதன் இயல்பிலேயே அடிமை” என்பவர்கள், மற்றவர் இருவர் மறுத்தபோது பத்தில் ஒன்பது பேர் தாங்களும் மறுத்ததை ஏன் விட்டுவிடுகிறார்கள்? எனக்கு அந்த வரிசையில் பெரிய கண்டுபிடிப்பே அதுதான்.

மிட்டாய். இப்போதே சாப்பிட்டால் ஒன்று, காத்திருந்தால் இரண்டு. காத்திருந்த குழந்தைகள் பின்னாளில் படிப்பில் சிறந்தார்கள் என்று வால்டர் மிஷெல் குழுவினர் காட்டினார்கள். அந்தக் குழந்தைகள் ஸ்டான்ஃபோர்ட் வளாகத்து மழலையர் பள்ளியில் படித்தவர்கள், தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களும் குறைவு. 2018-இல் டைலர் வாட்ஸும் சகாக்களும் இன்னும் பரவலான பின்னணியிலிருந்து 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவை எடுத்தார்கள். தொடர்பு இருந்தது, பாதி அளவில். குடும்பச் சூழலையும் குழந்தையின் முந்தைய அறிவுத்திறனையும் கணக்கில் சேர்த்ததும் அதிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்தது. எனவே “கவிழ்ந்துவிட்டது” என்பதும் மிகை. ஐந்து வயதுக்குள் தலையெழுத்து தெரிந்துவிடும் என்று பெற்றோரைப் பயமுறுத்தியதுதான் கவிழ்ந்தது. கவிழட்டும்.

மார்ச் 6

இன்று வேறு பக்கம் போகிறேன். தொலைதூரக் கல்வியில் படிப்பவர்களுக்கு இந்தத் தாளை நான் சொல்லிக்கொடுத்து வருகிறேன். விடைத்தாளில் வருடா வருடம் தவறாமல் வருவது: எதிர்மறை வலுவூட்டலுக்கு எடுத்துக்காட்டு, “ஆசிரியர் அடிப்பது”.

அடிப்பது தண்டனை. எந்த வலுவூட்டலும் நடத்தையைக் கூட்டும். எதிர்மறை வலுவூட்டலில், ஒரு தொல்லை விலகுவதால் நடத்தை கூடுகிறது. காரில் இருக்கைப் பட்டையைப் போடும் வரை அலறும் ஒலி, போட்டதும் நிற்கிறது, அடுத்த முறை சட்டென்று போடுகிறீர்கள். அவ்வளவுதான் விஷயம்.

இதை ஒரு மாணவி எனக்குத் திருப்பிச் சொன்ன விதம் நான் எடுக்கும் எந்த வகுப்பையும் விடச் சிறந்தது. அவளுடைய மூன்று வயது மகன் கைபேசி வேண்டும் என்று தரையில் புரண்டு அழுகிறான். அவள் கொடுத்துவிடுகிறாள். அழுகை நிற்கிறது. “சார், இதில் அவனுக்கு ஒன்று கிடைத்தது, அதனால் அவன் இன்னும் அழுவான். எனக்கு ஒன்று விலகியது, அதனால் நான் இன்னும் கொடுப்பேன். அவனை நான் பழக்குகிறேன் என்று நினைத்தேன். அவனும் என்னைப் பழக்குகிறான்.” ஒரே நொடி, இரண்டு பேர், இரண்டு வகை வலுவூட்டல். அதற்குப் பிறகு அவள் அந்தக் கேள்வியில் தடுமாறவே இல்லை.

மணியடித்தாலே நாய்க்கு எச்சில் ஊறும்படி பழக்கிய பாவ்லோவ் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: மணி மட்டும் இல்லை, தாளக்கருவி, மின்மணி, விளக்கு என்று பலவற்றைப் பயன்படுத்தினார். 1904-இல் அவர் நோபல் பரிசு வாங்கியது செரிமான ஆராய்ச்சிக்கு, நாய் கற்றுக்கொண்டதற்கு அல்ல.

மார்ச் 8

“நினைவு என்பது பதிவு செய்த படம்தானே, தேடினால் கிடைக்கும்” என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார்.

எனக்கும் என் அக்காவுக்கும் சின்ன வயது நினைவு ஒன்று உண்டு. காதில் குளவி கொட்டியது. சுருக்கென்ற வலி, யாரோ சுண்ணாம்பு தடவிய குளிர்ச்சி, அன்றைக்கு அந்தக் காதை மேலே வைத்துப் படுத்தது, எல்லாம் எனக்கு அப்படியே இருக்கிறது. அக்காவுக்கும் அப்படியே இருக்கிறது, அவள் காதில். கொட்டியது ஒரே ஒரு முறை என்பதில் மட்டும் இருவருக்கும் ஒருமித்த கருத்து. இன்று வரை தீர்ப்பு வரவில்லை. இரட்டையர்களிடம் இப்படிப் பங்காளிச் சண்டை போடும் நினைவுகள் இருப்பதை 2001-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. எங்களுக்கு மட்டும் வந்த வினோதம் இல்லை.

எலிசபெத் லோஃப்டஸ், ஜான் பால்மர், 1974. கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டினார்கள். கார்கள் “நொறுங்க மோதியபோது” என்ன வேகம் என்று 50 பேரிடம், “இடித்தபோது” என்ன வேகம் என்று 50 பேரிடம் கேட்டார்கள், இன்னும் 50 பேரிடம் வேகமே கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து எல்லோருக்கும் ஒரே கேள்வி: உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா? படத்தில் உடைந்த கண்ணாடி கிடையாது. பார்த்தேன் என்றவர்கள் முறையே 16, 7, 6. கடைசி எண்ணை விட்டுவிடாதீர்கள். யாரும் எதுவும் தூண்டாமலே ஆறு பேர் இல்லாத கண்ணாடியைப் பார்த்திருக்கிறார்கள். நொறுங்க என்ற சொல் செய்த வேலை பதினாறு அல்ல, பதினாறுக்கும் ஆறுக்கும் இடையில் உள்ளது.

மார்ச் 8, கொஞ்சம் கழித்து

“அப்படியானால் நீதிமன்றத்தில் சாட்சியே வேண்டாமா?” வேண்டும். நினைவு முழுக்கப் பொய் என்று நான் சொல்லவில்லை. அடையாள அணிவகுப்பை ஒழுங்காக நடத்தி, முதல் முறை கேட்கும்போதே சாட்சி உறுதியாகச் சொன்னால் அந்த உறுதிக்கு நல்ல மதிப்பு உண்டு. பல மாதம் கழித்து, பலர் பலமுறை கேட்ட பிறகு, கூண்டில் நின்று சொல்லும் உறுதிக்கு அந்த மதிப்பு கிடையாது. நடுவில் கேட்ட கேள்விகளும் படித்த செய்திகளும் உள்ளே போய் உட்கார்ந்திருக்கும்.

மார்ச் 9

குவிந்திருப்பவற்றை வேகமாக முடிக்கிறேன். மூளையில் பத்து சதவீதம்தான் பயன்படுத்துகிறோமா: இல்லை. உடல் எடையில் சுமார் 2 சதவீதம் இருந்துகொண்டு உடலின் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தை விழுங்கும் உறுப்பு அது, பெரும்பகுதி சும்மா கிடக்க உடம்பு இவ்வளவு செலவழிக்காது. இடது மூளைக்காரர், வலது மூளைக்காரர்: அப்படி ஆட்கள் இல்லை. ரோஜர் ஸ்பெர்ரி 1981-இல் நோபல் பெற்றது இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றை துண்டிக்கப்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வுக்கு. மொழி பெரும்பாலோருக்கு இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது உண்மை, அதிலிருந்து ஆளுமைக்குத் தாவ முடியாது. மனச்சிதைவு என்றால் ஒருவருக்குள் இரண்டு ஆள் என்ற நினைப்பு: முற்றிலும் தவறு, அதனால் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இந்த நினைப்பு செய்யும் கொடுமை கொஞ்சமில்லை. இல்லாத குரல் கேட்பது, ஆதாரத்துக்கு அசையாத நம்பிக்கைகள், சிந்தனை கோர்வையிழப்பது இவைதான் அதன் முக்கிய அடையாளங்கள்.

மார்ச் 12

“நான் பார்த்துக் கற்கும் வகை, எனக்குப் படம்தான் ஏறும்” என்று எழுதியவருக்கு.

உங்களுக்குப் படம் பிடிக்கும் என்பதை நம்புகிறேன். பிடிப்பது வேறு, அதனால் நன்றாக ஏறுவது வேறு. இதை நிறுவ என்ன தேவை என்று ஹரல்ட் பாஷ்லரும் மூவரும் 2008-இல் தெளிவாக எழுதினார்கள்: படம் பிடித்தவர்களில் பாதிப் பேருக்குப் படம், பாதிப் பேருக்கு ஒலி. ஒலி பிடித்தவர்களுக்கும் அப்படியே பிரித்துக் கொடு. ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்ததில் மட்டும் சிறக்க வேண்டும். அந்த வடிவில் செய்த ஆய்வுகளே மிகக் குறைவு, செய்தவற்றில் கொள்கைக்குத் தக்க ஆதாரம் கிடைக்கவில்லை.

இது என்னை உண்மையிலேயே கலங்க வைக்கும் தவறு. என்னிடம் வந்த ஒருவர், தான் “கேட்டுக் கற்கும் வகை” என்று பள்ளியில் முத்திரை குத்தப்பட்டதால் வரைபடம் உள்ள எந்தப் பாடத்தையும் தொடாமலே வளர்ந்திருந்தார். உடற்கூற்றுப் படம் போட்டு நரம்பணுவை விளக்கியபோது, இது எனக்கு வராது என்று நோட்டை மூடினார். அன்று அவர் கையாலேயே வரைய வைத்தேன். வந்தது.

வகை பார்ப்பதை விட்டுவிட்டு இதைச் செய்யுங்கள். ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கே, 2006. ஒரு பத்தியைச் சிலர் திரும்பப் படித்தார்கள், சிலர் மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்பப் படித்தவர்கள் முன்னே: 81-க்கு 75 சதவீதம். ஒரு வாரம் கழித்து அது தலைகீழ்: 42-க்கு 56. தேர்வுக்கு முந்தைய இரவு திரும்பத் திரும்பப் படித்தால் எல்லாம் தெரிந்த மாதிரி இருப்பதன் காரணம் அந்த முதல் ஐந்து நிமிடத்தில் இருக்கிறது.

மார்ச் 14

கேள்வி கேட்டவரே திரும்பி வந்திருக்கிறார்: “2015-இல் நூறு ஆய்வை மறுபடி செய்து பார்த்ததில் மூன்றில் ஒன்றுதான் தேறியது என்கிறார்களே?”

ஆம். மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல்படி முடிவு காட்டியவை, மறுபடி செய்தபோது 36 சதவீதம். மறைக்க ஒன்றுமில்லை. செய்தவர்களும் உளவியலாளர்களே, தங்கள் துறையின் முன்னணி இதழ்களில் வந்த ஆய்வுகளை எடுத்துத்தான் செய்தார்கள். எல்லாம் ஒரே அளவில் விழவும் இல்லை: அந்தத் தொகுப்பில் நினைவு, புலனறிவு சார்ந்தவை சமூக உளவியல் ஆய்வுகளை விட நன்றாகத் தாக்குப்பிடித்தன. ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885-இல் தன்னையே சோதனைப் பொருளாக்கி, அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, நாள் போகப் போக எவ்வளவு மறக்கிறது என்று வரைந்த மறதி வளைவை, அதே 2015-இல் மறுபடி செய்து பார்த்தார்கள். கிட்டத்தட்ட அதே வளைவு வந்தது. நிறங்களின் பெயரை வேறு நிற மையில் எழுதி மையின் நிறத்தைச் சொல்லச் சொன்னால் நாக்கு இடறும். ஸ்ட்ரூப் 1935-இல் வெளியிட்டது, இப்போதே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், இடறும்.

மார்ச் 15

21 நாளில் பழக்கம் படியுமா என்று கேட்டவருக்கு. அந்த எண் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் 1960-இல் எழுதியதிலிருந்து கிளம்பியது. மாறிய முகத்துக்கு நோயாளிகள் பழகக் குறைந்தது மூன்று வாரம் ஆகிறது என்று அவர் கவனித்தார். “குறைந்தது” வழியில் உதிர்ந்துவிட்டது. ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் தொடர்ந்தார்கள். தினமும் ஒரே சூழலில் ஒரு சிறு செயல், அது எவ்வளவு தானாக நடக்கிறது என்று பதிவு. நடுமட்டமாக 66 நாள், ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. அந்த 254 நேரில் பார்த்தது இல்லை, 12 வாரத்துக்கு அப்பால் கோட்டை நீட்டிக் கணக்கிட்டது. எளிய செயல்கள் சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சி இழுத்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிதாக எதையும் பாதிக்கவில்லை. நீங்கள் விட்டது நேற்று ஒரு நாள் என்றால் இன்று தொடருங்கள், முதலிலிருந்து எண்ண வேண்டாம்.